மூணுகண்ணுப் பாலத்துப் புள்ளி

– இல்ல கண்ணு, உங்கப்பா மாட்டுக் கொட்டாயில தான் இருக்காரு. மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்காரு.

– கொட்டாயில போய்ப் பாத்துட்டுச் சொல்றியாம்மா, இல்ல ஒக்காந்த எடத்துல இருந்தே சொல்றியா?

– பாத்துட்டுத் தான் சொல்றேன்.

– எப்பப் பாத்த?

– இப்பத் தான்... நீ போன்ல போட்டுக் குடுத்தியே ஒரு கூட்டம், அதுக்கு ஒக்காரறதுக்கு முன்னால.

– அது அரை மணி நேரத்துக்கு முன்னாடிம்மா! இங்க என் போன்ல மணி அடிச்சுக்கிட்டே இருக்குது. அப்பா கோட்டத் தாண்டிட்டாரு.

– எந்தக் கோட்ட?

– போன வருசப் பொங்கலுக்கு வந்தப்பக் காட்டினேன்ல? வூட்டச் சுத்தி போன்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், அப்பா கையில கட்டியிருக்கற வாட்சு அந்தக் கோட்டத் தாண்டினா எனக்கு ஓசூர்ல மணி அடிக்கும்னு. இத்தன மாசத்துல இன்னிக்குத் தான் மொத தடவையா அடிக்குது.

– வாட்சு அவரு கையிலயா இருக்குது?

– பின்ன எங்க இருக்கும்?

– ஐயோ, கழட்டி வைக்க மறந்துட்டனா...

– எதுக்குக் கழட்டணும்?

– ஒன்னுமில்ல. எங்க இருக்காருன்னு காட்டுது, அதச் சொல்லு மொதல்ல.

– ஒரு நிமிஷம். புள்ளி நவுந்துக்கிட்டே இருக்குது... மாந்தோப்பத் தாண்டிருச்சு. ரயில் லைன் பக்கமாப் போவுதும்மா.

– தொட்டம்பட்டிப் பக்கமா, எதிர்ப் பக்கமா?

– தொட்டம்பட்டிப் பக்கம்.

– மாரியாத்தா! இரு, செருப்பு எங்க... செருப்பு கெடக்கட்டும். நான் போறேன்.

– எங்கப் போற? நான் இன்னும் எடத்தையே சொல்லலியே.

– லைனுக்குத் தான. போன வெக்காத மலரு. காதுலயே வச்சுக்கிட்டு ஓடறேன்.

– ஓடாதம்மா! மூட்டு வீங்கிக் கெடக்குது, கல்லுல கில்லுல வுழுந்து வெக்காத. பக்கத்து வூட்டு சவுரியப்பன் அண்ணன அனுப்பு, வண்டி வச்சிருக்காருல்ல?

– அவன் தக்காளி ஏத்திக்கிட்டு மத்தியானமே பாலக்கோட்டுக்குப் போயிட்டான். அவன் பொண்டாட்டி களையெடுக்கப் போயிருக்கா. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல.

– சரி, நட. பதறாத. நான் கம்பெனி கேட்டுக்கு வெளிய வந்துட்டேன். கூட வேலை செய்யற சோபனாவும் என்கூட இருக்கா. புள்ளிய நான் பாத்துக்கிட்டே இருக்கேன், நீ நட.

– நான் தான் அப்பவே சொன்னனே கண்ணு. நாலு மணிக்கு வேண்டாம், அந்தக் கூட்டத்தக் காலையில வை, இல்ல வெளக்கு வச்சப்புறம் வையின்னு.

– அவங்க வைக்கற நேரம் அதும்மா. மறதி நோவுக்காரங்கள வூட்ல வச்சுப் பாத்துக்கறவங்களுக்குன்னே நடத்தறாங்க. நீ ஒத்தையில கெடந்து சாவறியேன்னு தான் பேரு குடுத்தேன்.

– நல்லாத் தான் பேசுச்சு அந்தப் பொண்ணு. பாத்துக்கறவங்களும் கொஞ்சம் ஓய்வு எடுக்கணும், எல்லாரும் கண்ண மூடுங்க, மூச்ச மெதுவா இழுங்கன்னுச்சு. சரின்னு நானும் மூடினேன்.

– ம்.

– நான் கண்ண மூடுன நேரத்துல தான் அவரு படல் தொறந்து போயிருக்காரு.

– அழாதம்மா. கேப்பக் காடு தாண்டிட்டியா?

– தாண்டிட்டேன். புள்ளி எங்க?

– போவுது. லைன ஒட்டியே போவுது. அம்மா, ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காத.

– என்னா?

– போன மாசம் பூராவும் வாட்சு எங்கெங்க இருந்துச்சுன்னு இதுலயே தெரியும். இப்பத் தான் பாக்கறேன். தெனமும் மூணரையில இருந்து அஞ்சு வரைக்கும் வூட்ல சார்ஜுல கெடக்குது. தெனமும்! படுக்கறப்பப் போடுன்னு தான சொல்லிக் குடுத்தேன்?

– ராத்திரியில கரண்ட்டு நிக்குது.

– மாசம் பூராவுமா நிக்குது?

– மூச்சு வாங்குது மலரு. பேச வெக்காத.

– இப்பத் தான போன வெக்காதன்ன?

– நீ பேசு. என்னைப் பேச வெக்காத.

– எனக்குப் புடிபடலம்மா. அந்த வாட்ச அவரு கையில ஏத்தறதுக்கு என்ன பாடுபட்டேன்! ஆபீசுல குடுத்தது, கட்டிக்கிட்டுத் தான் டூட்டிக்குப் போவணுமாம்னு பொய் சொல்லிக் கட்டி வுட்டேன். நீ என்னடான்னா அவரு வெளிய போற நேரம் பாத்துக் கழட்டி வச்சிருக்க.

– கழுத்துல மணி கட்டறதெல்லாம் ஆட்டுக்கு. மனுசருக்குக் கட்டினா எப்புடி இருக்கும்னு உனக்குத் தெரியாது.

– அம்மா.

– என்னா?

– புள்ளி நின்னுருச்சு.

– எங்க நின்னுச்சு?

– ஓடை ஒன்னு லைனுக்கு அடியில போவுது பாரு, அந்த எடத்துல...

– மூணுகண்ணுப் பாலம்.

– எப்புடிம்மா டக்குனு சொல்ற?

– எத்தினி நாழியா நிக்குது?

– இப்பத் தான். அம்மா, எப்புடி உனக்குத் தெரியும்?

– அங்க தான் அவரு தெனமும் போறாரு. போதுமா? நாலு மணியானா எந்திரிச்சுருவாரு. சங்கிலி போட்டுக் கட்டினாலும் நிக்க மாட்டாரு. அதனால நான் முந்தியே போயிடுவேன். ஓடையில எறங்கி, பாலத்துக்குக் கீழ நடுக்கண்ணு வளைவுல ஒக்காந்துக்குவேன். அவரு கரை மேல வருவாரு, குனிஞ்சு பாப்பாரு. நான் இருப்பேன். வா, வூட்டுக்குப் போலாம்பாரு. கையப் புடிச்சுக்கிட்டு வந்துருவோம். வந்ததும் வாட்ச எடுத்து மாட்டி வுட்ருவேன்.

– எத்தினி மாசமா?

– ஆடியில இருந்து.

– ஏழெட்டு மாசமாவா! நான் இங்க புள்ளி வூட்டுக்குள்ளயே இருக்குதுன்னு நிம்மதியா வேலை செஞ்சுக்கிட்டு இருந்தேன்...

– உனக்கு எதுக்குக் கவலைன்னு தான்.

– பாலத்து மேல ஏறுவாரா?

– நான் கீழ இருந்தா ஏற மாட்டாரு.

– இன்னிக்கு நீ கீழ இல்லியேம்மா.

– இல்ல.

– புள்ளி இன்னும் அங்கயே தான் நிக்குதும்மா.

– மலரு, புள்ளி மேல இருக்குதா கீழ இருக்குதா, பாத்துச் சொல்லு.

– புள்ளிக்கு மேலயும் கீழயும் தெரியாதும்மா. எடம் மட்டும் தான் தெரியும்.

– என்னா எழவு புள்ளி அது!

– உனக்கு அவரு கண்ணுக்குத் தெரியறாரா?

– கரையே இன்னும் தெரியல. புளியமரம் மறைக்குது.

– எதுக்கும்மா அந்தப் பாலத்துக்குப் போறாரு? அங்க என்ன இருக்குது?

– பழைய டூட்டி ஞாபகம். ரயில்வேயில கீமேனா முப்பத்தி மூணு வருசம் நடந்த லைனு. தண்டவாளத்துச் சாவி கழண்டிருந்தா சுத்தியில தட்டித் தட்டி எறக்கணும்ல, அந்த ஞாபகம்.

– அப்ப லைன் முழுக்க இல்ல நடக்கணும்? ஒரே பாலத்துல வந்து நிக்கறது என்ன டூட்டி?

– வந்தப்புறம் அவரையே கேளு.

– சோபனா என்னமோ காட்டறா, இரு... அம்மா. அம்மா!

– என்னாடி?

– வண்டி ஒன்னு வருது. எக்ஸ்பிரஸு. மொரப்பூர் தாண்டிருச்சு.

– இந்நேரத்துக்கு ஏது வண்டி?

– லேட்டா வருது. இதுல காட்டுது. தொட்டம்பட்டியில நிக்காது. நேரா வரும்.

– எத்தினி நாழி?

– ஒம்பது நிமிஷம்னு போட்டிருக்குது. ஆனா இதுல காட்டறதே ரெண்டு நிமிஷம் பின்னாடி இருக்கும்ங்கறா சோபனா.

– அப்ப ஏழு.

– ஏழு. ரயில்வே உதவி நம்பருக்கு அவ பேசிக்கிட்டு இருக்கா. டிரைவருக்குச் சொல்லப் பாக்கறோம்னாங்களாம்.

– சொல்லிட்டாங்களா, சொல்லப் பாக்கறாங்களா?

– பாக்கறாங்களாம்.

– அந்தக் காலத்துல புகை தெரியும், சத்தம் வரும், மண்ணு அதிரும். இப்பக் கரண்ட்டு வண்டி. பூனையாட்டம் கிட்ட வந்து தான் கத்துது. பாலத்து மேல ஒதுங்கக் கூட எடமில்ல மலரு. ரெண்டு பக்கமும் கைப்புடி இல்ல.

– நீ இன்னும் எவ்ளோ தூரம்?

– புளியமரம் தாண்டிட்டேன். அதா... தெரியுது. வெள்ளத் துண்டு தெரியுது.

– எங்க? மேலயா?

– மேல. தண்டவாளத்துக்கு நடுவுல. ஏனுங்க! ஏனுங்கோ!

– கேக்குதா அவருக்கு?

– திரும்பல. காத்து எதுக்காலிக்க அடிக்குது. நான் போய்ச் சேர காமணி நேரம் ஆவும். கால் வர மாட்டேங்குது மலரு, கால் வர மாட்டேங்குது.

– நட, நிக்காத. நான் வாட்சுக்குப் போன் போடறேன். தானா எடுத்துக்கும், அவரு ஒன்னும் அமுக்க வேண்டாம். உன்னையும் சேத்துக்கறேன். மூணு பேரும் பேசலாம்.

– என்னைச் சேக்காத.

– ஏன்?

– ... சரி, சேத்துக்கோ.

– வாட்சுல சார்ஜு வேற நாலு பர்சண்ட்டு தான் இருக்குது. தெனம் இந்நேரம் சார்ஜு ஏறும், இன்னிக்கு ஏறல. போவுது... மணி போவுது... எடுத்துக்கிச்சு. அப்பா! அப்பா, கேக்குதா?

– யாரு? வாட்சுக்குள்ள யாரு? மேஸ்திரிங்களா?

– அப்பா, நான் மலரு.

– எந்த மலரு?

– மலர்விழிப்பா. உங்க மவ.

– ஏம்மா, ஆபீசு வாட்சுல வெளையாடாத. என் மவளுக்கு மூணு மாசம். இன்னும் தல நிக்கல. அது பேசுதாமா! சிரிக்கவே இப்பத் தான் படிச்சிருக்குது.

– சரிங்க... சரிங்கப்பா. நீங்க இருக்கற எடத்துல இருந்து கொஞ்சம் கீழ எறங்குங்க. வண்டி வருது.

– வண்டி வருதுன்னு கீமேனுக்கே சொல்றியா? நாலு பத்து பாசஞ்சரு போயிருச்சு. இனி ஆறு மணிக்குத் தான் கூட்சு. நடுவுல இந்த லைன்ல எலி கூட வராது. சரியா?

– அது அந்தக் காலம்பா! இப்ப வேற வண்டி...

– நம்ம பீட்டுல எந்த வண்டி எப்ப வரும்னு எனக்குத் தெரியாதா? நீ வாட்ச வையிமா. எனக்கு வேலை கெடக்குது.

– அம்மா, நீ பேசு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. அஞ்சு நிமிஷம் தான் இருக்குது.

– ஏனுங்க... நான் தானுங்க பேசறேன்.

– இது யாரு ஆயா?

– நான் தான்... உங்க வூட்டுக்காரி.

– போ ஆயா. என் வூட்டுக்காரிக்கு இருவத்திரெண்டு வயசு.

– ஏனுங்க, நல்ல புள்ளையாட்டம் கீழ எறங்குங்க. சோறு ஆறிப் போவுது.

– ஆறட்டும். ஆளக் காணம், சோறு என்ன சோறு?

– அப்பா, யாரைக் காணம்? யாரைத் தேடறீங்க?

– அத வெளிய சொல்ல மாட்டேன்.

– எங்கிட்டச் சொல்லுங்க, நானும் தேடறேன்.

– சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்மா. காளியம்மா முன்னால சூடத்த அணைச்சுக் குடுத்த சத்தியம். உசுரு போற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. பெத்த ஒடம்பு, சன்னி கண்டுருச்சு, அவ்ளோ தான் சொல்லுவேன். சன்னி கண்ட பொம்பள செய்யறது அவ செய்யறது இல்ல. அவள ஒருத்தரும் ஏசக் கூடாது. சரியா?

– சரிங்கப்பா.

– தெனமும் கீழ தான் இருக்கும். நடுக்கண்ணுல. குனிஞ்சு பாத்தா இருக்கும். இன்னிக்குப் பாத்தேன், இல்ல. மூணு கண்ணுலயும் பாத்தேன், இல்ல. அப்ப மேல தான் ஏறியிருக்கும். அன்னிக்கு ஏறுனாப்புல.

– அன்னிக்கா? அம்மா... என்னிக்கு? அம்மா, லைன்ல இருக்கியா? அவரு யாரைச் சொல்றாரு?

– மலரு, நீ போன வச்சுடு. நானும் அவரும் மட்டும் பேசிக்கறோம்.

– நான் வச்சா வாட்சும் கட்டாயிடும்மா. என் போன்ல இருந்து தான் ரெண்டு பக்கமும் போவுது.

– அப்பக் காதையாச்சும் பொத்திக்க.

– அம்மா, நாலு நிமிஷம் தான்! எது தெரியுமோ அதச் சொல்லி அவர எறக்கு. நான் என்ன கேட்டாலும் பரவால்ல.

– உனக்குப் பரவால்ல. எனக்கு... சரி. சரி. ஏனுங்க, நான் தானுங்க, நீங்க நஞ்சுன்னு கூப்புடற ஆளு.

– பொய் சொல்லாத ஆயா.

– பொய்யில்லீங்க. நீங்க தேடற நஞ்சு நான் தான். எனக்குச் சன்னி கண்டப்ப நீங்க என் கால்ல மணி கட்டினீங்க. வெண்கல மணி. தூங்கறப்ப நான் எந்திரிச்சுப் போனா சத்தம் கேக்கும்னு. எங்கம்மா வூட்டுக்குக் கூட சொல்லாம, சோறு ஊட்டி, தல சீவி வுட்டு, ரெண்டு மாசம் நீங்களே பாத்துக்கிட்டீங்க.

– அத ஊருல யார் வேணா பாத்திருப்பாங்க.

– ஆட்ட யாரு பாத்தாங்க?

– எந்த ஆட்ட?

– அன்னிக்குச் சாயங்காலம் மணிய நான் அவுத்து ஆட்டுக் கழுத்துல கட்டிட்டேன். நீங்க பொழக்கடையில சுத்திக்குப் புடி போட்டுக்கிட்டு இருந்தீங்க. மணி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் வூட்டுக்குள்ள தான் நடக்கறேன்னு நீங்க நெனச்சுக்கிட்டு இருந்தீங்க.

– ... வெள்ளாடு.

– ஆமாங்க. கொம்பு ஒடஞ்ச வெள்ளாடு.

– சத்தம் கேட்டுச்சு. நடந்துக்கிட்டு இருக்கா, இருக்கா, இருக்கான்னு ஒக்காந்துட்டேன். உள்ள வந்து பாத்தா ஆடு நிக்குது. தொட்டில் வெறுமனா ஆடுது.

– தொட்டிலா? அம்மா... தொட்டில்ல யாரு இருந்தா?

– நீ தான் கண்ணு. நீ தான் இருந்த. உன்னையும் தூக்கிக்கிட்டுத் தான் அந்தப் பாலத்துக்குப் போனேன். என் புத்தி என்கிட்ட இல்ல அப்ப. இத உனக்குத் தெரியாம என்னைப் பொதைச்சுடணும்னு தான் நாப்பத்தியோரு வருசமா சாமிய வேண்டிக்கிட்டு இருந்தேன். நீ அப்புறமா என்னை என்ன வேணா கேளு. இப்ப வேண்டாம். மலரு? வண்டி எங்க, அத மட்டும் சொல்லு.

– தொட்டம்பட்டி... தாண்டிருச்சு. ரெண்டு நிமிஷம்.

– ஏனுங்க! கேட்டீங்கல்ல? ஆட்டு சமாச்சாரம் உங்களுக்கும் எனக்கும் தவிர ஆருக்கும் தெரியாது. நம்புங்க. எறங்குங்க.

– உன் கொரலு ஏன் கெழவி கொரலாட்டம் இருக்குது?

– கத்திக் கத்தித் தொண்டை கட்டிருச்சுங்க.

– அன்னிக்கு நீ என்னைப் பாத்ததும் ஒரு சத்தம் போட்ட. என்னன்னு போட்ட? அதச் சொல்லு பாப்போம்.

– அது... புருசன் பேர எப்புடிங்க நான்...

– சொல்லு. நஞ்சுன்னா சொல்லு.

– ... கிருஷ்ணப்பா.

– கேக்கல.

– கிருஷ்ணப்பா! கிருஷ்ணப்பா, எறங்கு! எறங்கு!

– நஞ்சு! வரேன், வரேன் புள்ள. பாலத்துல அந்தக் கடைசியிலயா இருக்க? நவுராத. ஒரு அடி வைக்காத. நான் வந்து புடிச்சுக்கறேன்.

– ஐயோ, அந்தப் பக்கம் நடக்கறாரு மலரு! பாலத்துக்கு நடுவுல போறாரு! ஏனுங்க, நான் மேல இல்லீங்க! எறங்கிட்டேன், கரையில நிக்கறேன்!

– எறங்கிட்டியா?

– எறங்கிட்டேன். இதா, மண்ணுல நிக்கறேன்.

– புள்ள?

– புள்ளையும் எங்கிட்டத் தான் இருக்குது.

– அன்னிக்கும் அப்புடித் தான் சொன்ன. வாங்கிப் பாத்தா சத்தமே இல்ல. சீலைத் துணியில சுத்தி மொகத்த மூடியிருந்த. மூஞ்சி நீலம் பாஞ்சு, கையி தொங்கிக்கிட்டு... கன்னத்துல தட்டறேன், உள்ளங்காலத் தேய்க்கறேன், வாய்ல ஊதறேன். அழுவ மாட்டேங்குது. அழு தாயி, அழு தாயின்னு நான் அழுதுக்கிட்டுக் கெடந்தேன்.

– அது பொழச்சுக்கிச்சுங்க. நீங்க தான் பொழக்க வச்சீங்க. இப்ப நல்லா இருக்குது.

– அப்ப ஏன் அழுவ மாட்டேங்குது? எறங்கியிருந்தா அழுவும்ல? புள்ள மேல தான் கெடக்குது. நீ மறைக்கற. நான் பாத்து எடுத்துக்கிட்டுத் தான் வருவேன்.

– அம்மா, அது என்ன சத்தம்? ஆரனா? வாட்சுக்குள்ள ஆரன் கேக்குதும்மா!

– திருப்பத்துல வந்துருச்சு. எனக்குக் கண்ணுக்குத் தெரியுது. ஏனுங்க! ஏனுங்க!

– அப்பா! அப்பா, நான் இங்க தான்... நான் உசுரோட... அப்பா... ம்மா...

– மலரு, அழுவறியா?

– ம்மா... என்னால... பேச...

– பேசாத. பேச்சு வேண்டாம். அழுவு கண்ணு. வாய வுட்டு அழுவு, அவருக்குக் கேக்கட்டும்!

– அம்மா... ம்மா... ம்ம்மா...!

– யாரு அது?

– புள்ள தானுங்க. உங்க புள்ள. கேக்குதா?

– இரு... இரு. பேசாத நஞ்சு. சத்தம் வாட்சுல இருந்தா வருது? கீழ இருந்தா வருது?

– கீழ இருந்துங்க! என் கையில இருந்து! எறங்கி வாங்க, வந்து பாருங்க!

– ம்ம்மா...!

– அதா. அதா அழுவுது. என்னா கத்து கத்துது என் தாயி! வரேன், அப்பன் வரேன், இதா வந்துட்டேன்...

– எறங்கறாரு மலரு. குந்திக் குந்தி எறங்கறாரு. சரளக் கல்லுல சறுக்கி... எறங்கிட்டாரு! ஓடைக்குள்ள எறங்கிட்டாரு. வண்டி... வண்டி போவுது... போவுது... மலரு, வண்டி போயிருச்சு. கீழ வெள்ளத் துண்டு நிக்குது. நிக்குது கண்ணு. நீ இன்னுமா அழுவற? மலரு? எங்கிட்ட ஒரு வார்த்தை பேசு. என்னை ஏசறதா இருந்தாலும் ஏசிப்புடு.

– நஞ்சு, அதை என்ன கேட்டுக்கிட்டு இருக்க? அது வண்டி சத்தத்துல பயந்து கெடக்குது பாரு. மொதல்ல மடியில போட்டுப் பால குடு.